தலைமன்னாரோடு முடிந்த தொலைக்காட்சி

போன கிழமை ஒரு கலியாண வீடியோவைக் கொடுக்கப் பேசாலைக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது கடற்கரைப் பக்கம் ஒரு வளவில் கட்டாக் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். கயிறு கட்ட வேண்டிய இடத்தில், இரண்டு பூவரசுகளுக்கு நடுவே தடித்த கறுப்பு வயர் ஒன்று ஓடியது. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தேன். வயரின் உடம்பில் சின்ன வெள்ளை எழுத்தில் மீற்றர் அளவு அச்சடித்திருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது, அது எங்களுடைய வயர்.

"என்ன அக்கா பாக்கிறீங்கள்?" என்று வீட்டுக்காரப் பெண் வந்தாள்.

"இந்த வயர் எங்க எடுத்தனீங்கள்?"

"இவர்தான் கொண்டு வந்தவர். முந்தி லைற் போஸ்ற்றில தொங்கினதாம். நல்ல வயர் அக்கா, எவ்வளவு பாரம் போட்டாலும் தொய்யாது."

நல்ல வயர்தான். கப்பலில் வந்த வயர். அதற்குள் ஒரு காலத்தில் என்ன ஓடியது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவள் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததே பிறகுதான். அரைக் கிலோ கருவாடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கருவாட்டு மணம் மற்றவர்களுக்குப் பசியைக் கிளப்பும். எனக்கு அது ஸ்ரூடியோ மணம். பகிடி விடவில்லை. எங்கள் தொலைக்காட்சி நிலையம் மன்னார் பட்டினத்தில், ஒரு பழைய சங்கக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. கீழ்மாடி கருவாட்டுக் களஞ்சியம். யன்னலை மூடினால் வேர்த்துக் கொட்டும், திறந்தால் மணம் வந்து கமெராவுக்கு முன்னால் உட்காரும். கொழும்பிலிருந்து எங்களுக்குப் பயிற்சி தர வந்த மிஸ் ஒருவர் முதல்நாள் முழுக்க மூக்கில் கைலேஞ்சியை வைத்துக்கொண்டுதான் ஒளியமைப்பைப் பற்றிப் படிப்பித்தார். நாலாம் நாள் போகும்போது கீழே இறங்கி ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு போனார். எங்களுக்கோ ஒரு மாதத்தில் மூக்கு பழகிவிட்டது. வீட்டில்தான் அம்மா என் சட்டையைத் தனியாக ஊறப்போடுவா.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கைக்குழந்தையாகப் படகில் ஏறிப் போய், தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து, அங்கே பிளஸ் டூ முடித்துவிட்டு, சண்டை முடிந்த பிறகு அப்பா அம்மாவோடு பேசாலைக்குத் திரும்பி வந்தவள். வாயைத் திறந்தால் போதும், "என்ன, அங்கத்தையப் பிள்ளையோ?" என்று கேட்பார்கள். அந்த அங்கத்தையத் தமிழை நம்பித்தான் நான் வேலைக்கே விண்ணப்பித்தேன். அறிவிப்பாளர் வேலை. சினிமா நடிகை மாதிரி இழுத்து இழுத்து ஒரு செய்தியை வாசித்துக் காட்டினேன். நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்த கிளமென்ற் அண்ணன் (முன்னாள் வாத்தியார், எப்போதும் சேட்டுப் பொக்கற்றில் இரண்டு பேனை வைத்திருப்பார்) முகத்தைச் சுழிக்காமல் கடைசி வரைக்கும் கேட்டார்.

"நல்லா வாசிச்சனீர்" என்றார். "ஆனா இஞ்ச பாரும் பிள்ளை, அப்பிடிக் கதைக்கிற ரிவி எங்கட சனத்திட்ட எத்தினையோ வருசமா இருக்கு. அதுக்காக நாங்கள் தலைமன்னார் மட்டும் வயர் இழுத்துக் கஷ்டப்பட வேண்டியதில்லையே."

அவர் சொன்னது மெய். மன்னாரில் ஒரு நீட்டுக் குழாயில் அன்ரெனாவைக் கட்டி, கடல் பக்கமாகத் திருப்பிவிட்டால் இந்தியா தெரியும். கரண்ட் ஒழுங்காக இல்லாத காலத்திலும் சனம் பற்றரியில் போட்டுப் பார்த்தது. சென்னையில் மழை பெய்தால் எங்களுக்குத் தெரியும். திருச்சியில் தக்காளி விலை தெரியும். பேசாலையில் நாளைக்குத் தண்ணீர் வராது என்பதுதான் தெரியாது. கொழும்புத் தொலைக்காட்சியில் மன்னார் வருவது மடுத் திருவிழாவுக்கும் சூறாவளிக்கும் மட்டும்.

நாக்கு ஊர்த் தமிழுக்குத் திரும்பும் மட்டும் கமெராவுக்குப் பின்னால் நில் என்று என்னை விட்டார்கள். ஒரு வருஷத்தில் நாக்கு திரும்பிவிட்டது. ஆனால் அதற்குள் எனக்குப் பின்னால் நிற்பது பிடித்துப்போய்விட்டது. கமெரா, ஒலி, பிறகு கொம்பியூட்டரில் வெட்டி ஒட்டுவது, இடம் போதாமல் போனால் பழையவற்றை அழிப்பது, எல்லாம் என் பொறுப்பு. அந்தக் கைப்பழக்கத்தில்தான் இன்றைக்கும் கலியாண வீடியோ வெட்டி ஒட்டிச் சாப்பிடுகிறேன்.

இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எல்லாம் பொதுப் பணம். ஏதோ ஒரு குளிர் நாட்டுச் சனம் கட்டின வரியில் ஒரு துண்டு, எங்கள் நாட்டுச் சனம் கட்டின வரியில் ஒரு துண்டு, இரண்டும் ஒரு கந்தோருக்கு, அதாவது ஒரு அரசாங்க அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து எங்களுக்கு வரும். விளம்பரம் போடக் கூடாது. கடைக்காரரிடமும் கட்சிக்காரரிடமும் சதம் வாங்கக் கூடாது. பொதுப் பணத்தில் நடக்கிறபடியால், பொதுச் சனத்தில் யார் வந்து கேட்டாலும் பேச இடம் கொடுக்க வேண்டும். இது ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. கிளமென்ற் அண்ணன் அந்தப் பக்கத்தைப் போட்டோக்கொப்பி அடித்து, படியேறி வருகிறவர்களின் கண்ணில் படுகிற மாதிரிச் சுவரில் ஒட்டிவைத்தார்.

அப்படி வந்ததுதான் 'பத்து நிமிஷம்' என்ற நிகழ்ச்சி. செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம். நீல நிறச் சுவருக்கு முன்னால் ஒரு பிளாஸ்ரிக் கதிரை. யாரும் வந்து இருந்து பத்து நிமிஷம் கதைக்கலாம். முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. எங்கள் ஆட்களே மாறி மாறி இருந்து நுளம்பைப் பற்றியும் குப்பையைப் பற்றியும் கதைத்தோம். பிறகு நறுவிலிக்குளத்திலிருந்து ஒரு விவசாயி பஸ் ஏறி வந்து, பழுப்பு விழுந்த நெல்லுப் பயிர் ஒன்றை வேரோடு தூக்கிக் காட்டி, "இதுக்கு என்ன மருந்து எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ" என்றார். அடுத்த வெள்ளி இன்னொரு விவசாயி வந்து அந்தக் கதிரையிலிருந்தே மறுமொழி சொன்னார். அவ்வளவுதான், சனத்துக்கு விளங்கிவிட்டது. திருக்கேதீஸ்வரத்துத் திருவிழாவுக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று சொல்ல ஒருவர் வருவார். மச்சான் வேலியைத் தள்ளிப் போட்டதைப் பற்றி ஒருவர் முறையிடுவார், அந்த மச்சான் அடுத்த கிழமை வருவார். ஆடு காணவில்லை என்று வருவார்கள். மன்னாரில் கழுதைகள் கட்டாமல்தான் திரியும், கழுதையைத் தேடுவார் இல்லை. ஒரு நாள் மட்டும் ஒரு கழுதை தானாகவே படியேறி மேலே வந்து நின்றது. அதை இறக்கப் பட்ட பாடு நிகழ்ச்சியில் போனது. அதைப் போல இன்னொன்று போடும்படி மாதக் கணக்காகக் கேட்டார்கள்.

சூசைப்பிள்ளை ஐயா முதலில் வந்தது கதைக்க இல்லை. எங்கள் ஜெனரேற்றர் நின்றுபோய், திருத்த ஆள் தேடினபோது, பேசாலையில் படகு இஞ்சின் திருத்துகிறவர் என்று அவரைக் கூட்டி வந்தார்கள். கடலில் நின்றுபோன இஞ்சினைக் காதால் கேட்டே என்ன பிழை என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அறுபதை எட்டின வயது, மெல்லிய உடம்பு, கைநகங்களுக்குள் கழுவிப் போகாத ஒயில் கறுப்பு. அரை மணித்தியாலத்தில் ஜெனரேற்றரை ஓடவிட்டார். கூலி வேண்டாம் என்றார். கையைத் துடைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "உதில ஆரும் கதைக்கலாமோ?" என்று கேட்டார்.

"ஆரும் கதைக்கலாம் ஐயா" என்றார் கிளமென்ற் அண்ணன்.

"வெளியில இருக்கிற பிள்ளையோடயும் கதைக்கலாமோ?"

கிளமென்ற் அண்ணனுக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான் அது. அவருடைய மகன் அன்ரன், சண்டையின் கடைசிக் காலத்தில், வவுனியாவுக்குப் போகிற பஸ்ஸில் ஒரு காலைநேரம் ஏறினவன். மோட்டர் சைக்கிளுக்கு ஒரு சாமான் வாங்கப் போனவன். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஐயா ஏறாத கந்தோர் இல்லை, கொடுக்காத மனு இல்லை. எங்கேயோ யாரோ, உங்கள் மகனை மாதிரி ஒருத்தனை ராமேஸ்வரம் பக்கம் கண்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லை அவர் விடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தார். மணிக்கட்டு வரைக்கும் சவுக்காரம் போட்டுக் கழுவியிருந்தார். அயன் பண்ணின வெள்ளைச் சேட்டு. கதிரையில் நுனியில் இருந்து, கமெராவை நேரே பார்த்து, "தம்பி அன்ரன், அப்பா கதைக்கிறன். சுகமா இருக்கிறியோ? இஞ்ச எல்லாரும் சுகம்" என்று தொடங்கினார். எழுதின கடிதத்தை வாசிக்கிற மாதிரி இருந்தது, ஆனால் கையில் கடிதம் இல்லை. யாரையும் குற்றம் சொல்லவில்லை. எங்கே இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. வீட்டு நடப்பைச் சொன்னார். பத்து நிமிஷம் முடிந்தது என்று நான் கை காட்டினதும், "சரி தம்பி, பிறகு கதைக்கிறன்" என்று சொல்லிவிட்டு எழும்பினார், ரெலிபோனை வைக்கிற மாதிரி.

படியிறங்கப் போனவர் திரும்பி என்னிடம் வந்தார்.

"நீ அங்க முகாமில இருந்தனீதானே பிள்ளை. அங்க ரிவி இருக்கோ?"

"இருக்கு ஐயா."

"எல்லாரும் பாப்பினமோ?"

"பாப்பாங்க ஐயா. சாயந்தரமானா பாப்பாங்க."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். என்ன நினைத்துக் கேட்கிறார் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். அங்கத்தைய தொலைக்காட்சி கடல் தாண்டி இங்கே வருகிறதென்றால், இங்கத்தையது கடல் தாண்டி அங்கே போகும்தானே என்பது அவர் எண்ணம். படகு இஞ்சினில் கெட்டிக்காரருக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று கேட்காதீர்கள். எங்கள் தொலைக்காட்சி வயரில் போனது. மன்னாரில் தொடங்கி, போஸ்ற்றுக்குப் போஸ்ற் தொங்கி, தலைமன்னாரில் கடைசி வீட்டோடு முடிந்தது. அங்கே ஒரு சின்ன இரும்பு மூடியைப் போட்டு வயரின் வாயை அடைத்திருந்தோம். அதைச் சொல்லியிருக்கலாம். நாங்கள் ஆறு பேர் வேலை செய்தோம், ஆறு பேருக்கும் தெரியும். ஆறு பேரும் சொல்லவில்லை. "இருந்திட்டுப் போகட்டும்" என்றார் கிளமென்ற் அண்ணன்.

வெள்ளிக்கு வெள்ளி வந்தார். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய இருக்கும். மழைக்காலத்தில் வீதி வெள்ளத்தில் பஸ் ஓடாதபோது, சைக்கிளில் வந்து தலையைத் துவட்டிக்கொண்டு இருந்து கதைத்தார். அவருக்கு முன்னால் ஆட்டைத் தேடுகிறவர் இருப்பார், பின்னால் கோயில் கூட்டு வழிபாடு சொல்லுகிறவர் இருப்பார். எல்லாரும் அவருக்குக் கதிரையைத் துடைத்து விடுவார்கள்.

பிறகு அந்தக் காசை வருஷா வருஷம் புதுப்பிக்கிற காலம் வந்தது. கந்தோரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், இளம் ஆள், மரியாதையான பேச்சு. நாங்கள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார், நிகழ்ச்சிகளைப் பாராட்டினார். கழுதைக் கதையைக் கேட்டு நன்றாகச் சிரித்தார். போகும்போது ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். 'சமூக மேம்பாட்டுடன் தொடர்பற்ற தனிநபர் உரைகளைத் தவிர்க்கவும்' என்று ஒரு வரி அதில் இருந்தது.

"உது என்ன சேர், விளங்கேல்லை" என்றார் கிளமென்ற் அண்ணன்.

"உங்களுக்கு விளங்கும்" என்றார் அதிகாரி. குரலைத் தணித்துச் சொன்னார், "காணாமல் போன ஆக்களின்ர கதை வேண்டாம். எனக்கும் மேல இருந்து வந்ததுதான். அதை மட்டும் விட்டால் அடுத்த வருசம் பிரச்சினையில்லை."

"ஆடு காணாமல் போனதையும் விடவோ சேர்?" என்று நான் கேட்டேன். நான் பகிடிக்குக் கேட்கவில்லை, மெய்யாகவே கேட்டேன், எனக்கு அப்போது அவ்வளவு விபரம்தான்.

"ஆடு பரவாயில்லை தங்கச்சி" என்றார்.

அவர் போன பிறகு ஒருவரும் ஒருவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. என்னுடைய சம்பளத்தில்தான் அப்போது தங்கச்சி மன்னாரில் விடுதியில் நின்று படித்தாள். அப்பாவுக்குக் கடல் ஒத்துவரவில்லை, முகாமிலே கூலி வேலை செய்து உடம்பு கடலை மறந்துபோயிருந்தது. மற்றவர்கள் வீட்டிலும் இப்படி ஒவ்வொன்று இருந்தது. ஒரு கிழவனுடைய பத்து நிமிஷமா, முழு நிலையமா என்று கிளமென்ற் அண்ணன் கேட்டார். கேட்டுவிட்டுத் தானே மறுமொழியும் சொன்னார்.

"இதை விட்டால் சனத்துக்கு வேற ஒண்டும் இல்லை. நிலையத்தைக் காப்பாத்த வேணும். பிள்ளை, நீர் சொல்லும் அவருக்கு. உம்மட ஊர் ஆள். நீர் சொன்னா கோவிக்க மாட்டார்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணி போல நான் கீழே போய்ப் படியடியில் நின்றேன். களஞ்சியத்தில் கருவாட்டு மூடைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸால் இறங்கி அவர் வீதியைக் கடந்து வந்தார், அதே வெள்ளைச் சேட்டு. என்னைக் கண்டதும் சிரித்தார்.

"ஐயா, இண்டைக்கு வேண்டாம்" என்றேன்.

"ஏன் பிள்ளை, ஜெனரேற்றர் பிறகும் நிண்டிட்டுதோ?"

"இல்லை ஐயா."

கந்தோர்க் கடிதத்தைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். காசுக்காக உங்களை விடுகிறோம் என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. அந்த நேரம் எனக்கு இன்னொரு வழி தென்பட்டது. அதைச் சொன்னால் அவர் தானாகவே வராமல் விடுவார், நாங்களும் அவரை விரட்டினதாக இருக்காது.

"ஐயா, எங்கட ரிவி வயருக்குள்ளாலதான் போறது. தலைமன்னாரோட முடிஞ்சிடும். அங்கால போகாது."

அவர் சிரிப்பு உடனே போகவில்லை. நான் ஏதோ தொழில்நுட்பம் சொல்லுகிறேன் என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

"கடலுக்கு அங்கால போகாதோ?"

"போகாது ஐயா."

"அங்கத்தையது இஞ்ச வருதே."

"அது கோபுரம் கட்டி விடுறவை. எங்களிட்டக் கோபுரம் இல்லை. வயர் மட்டும்தான்."

லொறிக்காரன் ஏதோ கத்தினான். அவர் நிமிர்ந்து, எங்கள் மாடியிலிருந்து வெளியே வந்து முதல் போஸ்ற்றுக்குப் போகிற கறுப்பு வயரைப் பார்த்தார். அங்கிருந்து இரண்டாம் போஸ்ற். கண்ணாலேயே அதைப் பிடித்துக்கொண்டு வீதி திரும்புகிற மட்டும் போனார். ஒரு இஞ்சினின் பிழையைக் கண்டுபிடிக்கிற பார்வை அது.

"இவ்வளவு நாளும் உனக்குத் தெரியுமோ பிள்ளை?"

"ஓம் ஐயா."

"கிளமென்ற் தம்பிக்கு?"

"ஓம்."

"சரி" என்றார்.

அவர் ஏதாவது பேசுவார் என்று நின்றேன். திட்டினால் நல்லது என்று இருந்தது. அவர் சேட்டின் கைமடிப்பை அவிழ்த்து மறுபடி மடித்தார். "ஜெனரேற்றருக்கு ஒயில் மாத்த வேணும். நான் சனிக்கிழமை வந்து மாத்திவிடுறன், அதுவரைக்கும் கனநேரம் ஓட விடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே பஸ் நிற்கிற இடத்துக்குப் போனார். பேசாலை பஸ் அப்போதுதான் போயிருந்தது. அடுத்த பஸ் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். நான் மேலே போய் யன்னலால் பார்த்தேன். அவர் நிழலில்லாத பக்கத்தில் நின்றார். அன்றைக்கு அந்தப் பத்து நிமிஷத்துக்கு மருதாணி போடுவது எப்படி என்று ஒரு பிள்ளை செய்து காட்டினாள்.

சனிக்கிழமை வந்தார். ஒயில் மாற்றினார். படியேறவில்லை. நான் தேத்தண்ணி கொண்டு இறங்கினபோது போய்விட்டிருந்தார்.

நான் பொய் சொல்லவில்லையே என்று கனநாள் என்னைத் தேற்றிக்கொண்டேன். மெய்யைத்தானே சொன்னேன், என்றோ ஒரு நாள் தெரியவேண்டியதுதானே என்று. அந்த மெய் எங்களுக்குத் தேவைப்பட்ட நாளில்தான் என் வாயில் வந்தது. அதற்கு முதல் ஒரு வருஷமாக வரவில்லை. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இதில் பாவம் எது என்று சுவாமி கேட்டார்.

அடுத்த வருஷம் காசு வந்தது. அந்த வருஷம் முழுக்க திறப்பு விழாக்களும் மரநடுகையும்தான் கூடப் போட்டோம். கொம்பியூட்டரில் இடம் போதவில்லை. பழையவற்றை அழிப்பது என் வேலை என்று சொன்னேன்தானே. 'பத்து நிமிஷம்' பழைய கோவையை, ஐயா கதைத்ததையும் சேர்த்து, ஒரு காலைநேரம் அழித்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் இல்லை. மத்தியானம் மரநடுகை ஒளிப்பதிவை ஏற்ற வேண்டும் என்ற அவசரம்தான்.

அதற்கடுத்த வருஷம் காசு வரவில்லை. 'திட்டக் காலம் நிறைவுற்றது' என்று கடிதம். நாங்கள் என்ன பிழை விட்டோம் என்று கிளமென்ற் அண்ணன் போய்க் கேட்டிருக்கிறார். ஒரு பிழையும் இல்லை, அந்தக் குளிர் நாட்டில் அரசாங்கம் மாறிவிட்டது, இப்போது வேறு நாடுகளுக்குக் கொடுக்கிறார்கள் என்றார்களாம். எங்கள் நாட்டுக் காசும் அந்தக் காசு வந்தால்தான் வரும். உள்ளூர்ச் சபையிடம் போனோம். தெரு விளக்குக்குச் செலவுத் தலைப்பு இருக்கிறது, வாய்க்காலுக்குத் தலைப்பு இருக்கிறது, தொலைக்காட்சிக்குத் தலைப்பு இல்லை என்றார்கள். சனத்தைக் கேட்கலாம் என்று பேசாலையில் ஒரு கூட்டம் வைத்தோம். வந்த ஆட்களை விட நாங்கள் போட்ட கதிரைகள் கூட. குற்றம் சொல்ல முடியாது. கையில் கைத்தொலைபேசி வந்துவிட்டது. மரநடுகை பார்க்க யார் வருவார்?

மழை தொடங்கின ஒரு காலையில் லொறி வந்தது. சாமான்களில் இலக்கம் எழுதின துண்டுகளை ஒட்டி, ஒவ்வொன்றாக இறக்கிக் கொண்டு போனார்கள். சுவரில் இருந்த அந்த ஒப்பந்தப் பக்கத்தைக் கிளமென்ற் அண்ணன் தானே கிழித்துப் பொக்கற்றில் வைத்தார். இரண்டு வருஷத்துக்குள் அவர் மகளிடம் ஜேர்மனிக்குப் போய்விட்டார். வருஷப் பிறப்புக்கு வட்ஸ்அப்பில் பூப்படம் அனுப்புவார். நானும் பூப்படம் அனுப்புவேன். நாங்கள் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கதைப்பதில்லை.

சூசைப்பிள்ளை ஐயாவை ஊரில் காண்பேன். பூசை முடிந்து வரும்போது "சுகமோ பிள்ளை" என்பார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த வெள்ளிக்குப் பிறகு அவர் மகனைப் பற்றி யாரிடமும் கதைக்கவில்லை என்று சொல்வார்கள். பட்டினத்தில் வீதியோரம் காணாமல் போன பிள்ளைகளின் படங்களோடு இருந்த தாய்மார் கூப்பிட்டும் போகவில்லை. இஞ்சின் திருத்தினார், வீட்டுக்குப் போனார். இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இடத்தில் முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கிழமை, அவருடைய மகள் மெற்றில்டா என் வீடியோக் கடைக்கு வந்தாள். அன்ரனுக்கு இளையவள், ரீச்சராக இருக்கிறாள். கையில் ஒரு பென்ட்ரைவ்.

"அக்கா, அப்பா ரிவியில கதைச்சது உங்களிட்ட இருக்கும் எண்டு சொன்னவை. எல்லாம் வேண்டாம், ஒண்டு காணும். அவற்ற குரல் எங்களிட்ட இல்லை. போனிலயும் ஒண்டும் இல்லை, அவர் போனே வச்சிருக்கேல்லை."

இருந்த சாமானெல்லாம் கந்தோரின் களஞ்சியத்தில் கிடந்து உப்புக் காற்றில் இத்துப்போனது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அதுவும் மெய்தான். இந்த முறை வேண்டாம் என்று தோன்றியது.

"இல்லை மெற்றில்டா. நான்தான் அழிச்சனான். இடம் காணாமல் அழிச்சனான்."

அவள் பென்ட்ரைவை மூடியோடு சேர்த்துக் கைக்குள் பொத்தினாள். பிறகு, "பரவாயில்லை அக்கா. என்ன கதைச்சவர் எண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும்தானே. நீங்கள்தானே முன்னால நிண்டனீங்கள். சொல்லுங்கோ, நான் எழுதி வைக்கிறன்" என்று கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தாள்.

சொன்னேன். "தம்பி அன்ரன், அப்பா கதைக்கிறன்" என்று தொடங்குவார். சைக்கிளுக்கு ரியூப் மாற்றி வைத்திருக்கிறேன் என்று ஒரு நாள் சொன்னார். தங்கச்சி சோதினை பாஸ் பண்ணிவிட்டாள் என்று ஒரு நாள். அவள் அதை எழுதும்போது கை நின்றது, பிறகு எழுதினாள். பெரிய மழைக்கு வீட்டுக்குள் தண்ணி வந்ததைச் சொன்னார்.

"பிறகு?"

பிறகு எனக்கு ஞாபகம் வரவில்லை. ஏறக்குறைய ஒரு வருஷம், வெள்ளிக்கு வெள்ளி பத்து நிமிஷம். காதில் ஹெட்போனைப் பொத்திக்கொண்டு, அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு எழுத்தையும் கேட்ட ஆள் நான் ஒருத்திதான். ஆனால் நான் கேட்டது சத்தம் ஏறுதா இறங்குதா என்று. பச்சை வெளிச்சம் சிவப்புக்குப் போகாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல் எனக்குள் இறங்கவில்லை.

"வீட்டில பாத்திருப்பீங்களே மெற்றில்டா, உங்களுக்கு ஞாபகம் இல்லையோ?" என்று கேட்டேன்.

அவள் கொப்பியை மூடினாள்.

"அந்த நேரம் வந்தா அம்மா ரிவியை நிப்பாட்டிப்போடுவா அக்கா. அவவால ஏலாது. நாங்கள் ஒருத்தரும் ஒருநாளும் கேக்கேல்லை. அப்பா வந்து சேட்டைக் கழட்டிக்கொண்டு, 'பாத்தனீங்களோ?' எண்டு கேப்பார். 'ஓம் அப்பா, நல்லாக் கதைச்சனீங்கள்' எண்டு சொல்லுவம்."

தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது அந்த மாடியில் கைத்தொலைபேசி திருத்துகிற கடை. நிலையம் இருந்தது என்பதே பாதிப் பேருக்கு ஞாபகமில்லை. ஞாபகம் இருக்கிறவர்களும், "ஓம், அந்த இஞ்சின்காரக் கிழவர் ஒவ்வொரு வெள்ளியும் அழுதழுது கதைக்கிறவர், பாவம்" என்கிறார்கள். இல்லை, அவர் ஒருநாளும் அழவில்லை என்று நான் திருத்துவேன். கமெராவுக்குப் பின்னால் நின்றவள் சொல்லுகிறேன், ஒரு நாள்கூட அழவில்லை. அப்போ என்னதான் கதைத்தார் என்று திருப்பிக் கேட்பார்கள். சைக்கிளுக்கு ரியூப் மாற்றினதைச் சொல்லுவேன்.